பம்பருக்குள் ஒளிந்த இரும்பு

வண்டியின் மூக்கு அலைகிறது என்று யாராவது சொன்னால், டை ராடை ஆட்டிப் பார்ப்பதற்கு முன் எஞ்சின் எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பின் அச்சுக்கும் பின்னால் அது தொங்கினால், வேகத்தில் முன் சக்கரம் தரையை மிதிக்காது, தடவிக்கொண்டு போகும். 1960களின் நடுவில் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த போர்ஷே 911-க்கும் இதே வியாதிதான். போர்ஷேக்காரர்கள் செய்த கைவைத்தியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்: முன் பம்பரின் இரு மூலையிலும் 11 கிலோ இரும்புக்கட்டி! மளிகைக்கடைத் தராசில் எடைக்கல் வைத்த கதை. சரியான மருந்து 1969 மாடலில் வந்தது. எஞ்சினை அசைக்காமல் பின் சக்கரங்களை மட்டும் 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். முன்பக்கத்துக்கு எடை சேர்க்க, ஒரு பேட்டரிக்குப் பதிலாக இரண்டு வைத்தார்கள்: முகப்பு விளக்குகளுக்குப் பின்னால், பக்கத்துக்கு ஒன்றாக.