படியேறிப் போனால் பார்க்... அது நிற்பது 250 வருஷக் கோட்டைச் சுவர் மேலே! ராயபுரம் 'மாடிப் பூங்கா'வின் கதை

வட சென்னையில் மலை கிடையாது. ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் போய்ப் பாருங்க... ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி, நடுவுல தரைமட்டமா ரோடு. அந்தக் காலத்தில் ஜார்ஜ் கோட்டைக்கு மேற்கே நரிமேடுன்னு ஒரு குன்று இருந்தது. எதிரி அதன் மேல பீரங்கியை ஏத்திட்டா கோட்டை காலி என்று பயந்து, ஆங்கிலேயர்கள் அதையும் வெட்டிச் சமமாக்கிட்டாங்க.

இப்படிப்பட்ட ஏரியாவில், படியேறிப் போக ஒரு பூங்கா இருக்கு. ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கும் அதே பழைய ஜெயில் ரோட்டில். ஏரியாவாசிகளுக்கு அது 'மாடிப் பூங்கா'. கீழே வீடோ கடையோ இருந்து, மொட்டை மாடியில் செடி வச்சிருக்காங்கன்னு நினைச்சுடாதீங்க. நீங்க ஏறி நிற்பது, ஒரு காலத்தில் இந்த ஊரையே வளைத்து நின்ற மதில்சுவரின் மிச்சம்.

இந்தச் சுவர் ஏன் வந்தது? ஒரே வரியில் சொன்னா, பயம்.

இப்போ ஹைகோர்ட் இருக்கிற இடத்தில்தான் முதலில் 'கறுப்பர் நகரம்' இருந்தது. கோட்டைக்குள்ள வெள்ளையர்கள், வெளியே நெசவாளர்கள், வியாபாரிகள், துபாஷிகள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடிச்சாங்க. ஊரைத் திரும்ப வாங்கின ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடிச்சாங்க. கோட்டைச் சுவரில் நின்று சுட்டா குறுக்கே வீடு இருக்கக் கூடாது, அவ்வளவுதான் காரணம். குடியிருந்தவர்களுக்கு வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பக்கம்தான் கதி.

ஆனா அங்கேயும் நிம்மதி இல்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து, அந்தப் புது ஊருக்குள்ள சுலபமா நுழைஞ்சுட்டார். வீடுகளையே மறைவாக வைத்துக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்ட பிறகுதான் முற்றுகை முடிந்தது. அடுத்த பத்து வருஷத்தில் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரைக்கும் வந்துவிட்டது. இதுக்கு மேல தாங்காதுன்னு, வடக்கிலும் மேற்கிலும் பெரிய மதில் எழுப்பும் வேலை வேகம் பிடித்து, 1770-களின் ஆரம்பத்தில் முடிந்தது. கான்ட்ராக்ட் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. பின்னாளில் ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்தே பெரும் பணக்காரரானாரே, அதே ஆள்.

செலவை யார் தலையில கட்டுவது? சுவரால் பாதுகாப்பு யாருக்கோ, அவங்களே வரி கட்டட்டும் என்றது கம்பெனி. அந்த வரி கடைசி வரைக்கும் வசூலாகவே இல்லை. பேர் மட்டும் நின்னுடுச்சு: சென்ட்ரல் பக்கத்துல இருக்கிற வால்டாக்ஸ் ரோடு! இப்போ வ.உ.சி. சாலை என்று பேர் மாறியாச்சு. ஆனா ஆட்டோவில் ஏறி 'வால்டாக்ஸ்' என்றால்தான் வண்டி நகரும். சுவரின் மேற்குப் பக்கம் போன வழி அது. பக்கத்துல இருக்கிற யானைக்கவுனியில் 'கவுனி' என்றால் கோட்டை வாசல். ராயபுரம் கடலோரத்துல கிளைவ் பேட்டரின்னு சொல்றாங்களே, அது சார்ஜ் போடுற பேட்டரி இல்லை, பீரங்கி மேடை. மதில் போனாலும் அதோட முகவரிகள் போகலை, பார்த்தீங்களா?

மதில் போனது 19-ஆம் நூற்றாண்டில். எதிரி பயம் தீர்ந்தது, ஊர் பெருத்தது, சுவர் இடைஞ்சலானது. துண்டு துண்டாக இடித்தார்கள். தப்பிப் பிழைத்த ஒரு துண்டின் மேல், 1957-ல் மாநகராட்சி பூங்கா அமைத்தது. செடி வைத்து, பெஞ்ச் போட்டு, ஆள் நடக்கிற அளவுக்கு அகலம் இருக்கிற சுவர் அது!

தொல்லியல் துறை இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனா என்னைக் கேட்டா, இதைக் காப்பாற்றியதில் அறிவிப்புப் பலகையைவிட வாக்கிங் போனவங்களுக்கும் விளையாட வந்த பசங்களுக்கும்தான் பங்கு அதிகம். புழக்கம் இருக்கிற இடத்தைச் சட்டுன்னு இடிக்க முடியாது. அதே சமயம், அரச மரக் கன்று ஒன்று செங்கல் இடுக்கில் வேர் விட்டால் போதும், பீரங்கி செய்யாததை அது செய்துவிடும். 'பார்க்தானே' என்று விட்டாலும் ஆபத்து, 'சின்னம்' என்று பூட்டி வைத்தாலும் ஆபத்து.

போய்ப் பார்க்கணுமா? வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கினா பக்கம். திறந்திருக்கான்னு விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. செல்ஃபி எடுக்கும் முன்னாடி, கீழே ரோட்டில் நின்று செங்கல் கட்டுமானத்தை ஒரு தடவை நல்லா பாருங்க. மேலே ஏறிட்டா சுவர் தெரியாது. நேரம் இருந்தா அப்படியே பாரிமுனை வரைக்கும் வந்து, டேர் ஹவுஸில் பாதுகாத்து வைத்திருக்கும் ஒற்றைக் கல் தூணையும் பார்த்துடுங்க. இதைத் தாண்டி கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று நட்ட எல்லைக் கல் அது. அதில் பொறித்திருக்கும் தேதி, 1773 ஜனவரி 1.