மறைந்த நோயும் இடங்காட்டும் படமும்

1895-இல் ராண்ட்கன் ஊடுகதிரைக் கண்டபோது உடலின் உள்ளே காணும் கண் மருத்துவர்க்குக் கிடைத்தது. ஆயினும் அக்கண் எலும்பைக் கண்டதேயன்றி, அறுவைக்குப்பின் மீண்டும் முளைக்கும் புரோஸ்டேட் புற்றுநோயின் சிறு துளிரைக் கண்டிலது.

1979-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. சுரப்பியை அகற்றியபின் குருதியில் அது மீண்டும் ஏறுமாயின் நோய் திரும்பிற்று என்று ஐயுறல் வேண்டும். எங்கே என்பதை மட்டும் அது சொல்லாது. ஆதலின் கதிர் பாய்ச்சும் மருத்துவர் ஊகத்தையே துணைக்கொள்ள நேர்ந்தது.

அக்குறையை நீக்க வழிகண்டது ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரம். புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்துள்ள பி.எஸ்.எம்.ஏ. புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காலியம்-68 மருந்தை 2011-இல் அங்கு நோயாளிக்குச் செலுத்தி, பெட் கருவியால் படமெடுத்தனர். நோய் ஒரு நிணநீர்க் கணுவில் மட்டும் தங்கியிருப்பின் அங்கே கதிர் பாய்ச்சலாம். எலும்பெங்கும் பரவியிருப்பின் உடல் முழுதுக்குமான மருந்து வேண்டும். பரவி முற்றிய நோய்க்கு, அதே புரதத்தை நாடிச்சென்று அழிக்கும் லுடீசியம்-177 மருந்துக்கு 2022-இல் அமெரிக்கா இசைவளித்தது.

பி.எஸ்.ஏ. அளவு மிகக் குறைவாயின் படம் வெறுமையாக வருதலும் உண்டு. அது நோயின்மைக்குச் சான்றாகாது. சிலிம் ரிவர் தோட்டப்புறத்து முதியவர்க்குப் பெருநகர்க் கருவி பின்னர்த் தேவைப்படலாம். முதற்கண் வேண்டுவது காலந்தவறாத குருதிச் சோதனையே.