உறைவிடமும் உரிமையிடமும்

ஆங்கிலம் பயிலும் மாணவருக்குப் பொருளால் நெருங்கிய சொற்களே பெருந்தொல்லை. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதுபவன் பரீட்சையில் இரண்டொரு புள்ளியை இழப்பான். பதுளை, பசறை, ஹாலி-எல, அப்புத்தளை முதலிய ஊவா மாகாணத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களோ, அத்தகைய சொற்களின் வேற்றுமையால் வாக்கையும் நாட்டையும் இழந்தனர்.

தோட்டத்திற்கு ஆங்கிலச் சொற்கள் பல வந்தன. வரிசையாகக் கட்டிய குடியிருப்பைத் துரைமார் ‘லைன்’ என்றனர். தொழிலாளர் அதனை ‘லயம்’ ஆக்கினர். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் ‘பரேட்’, ‘பிரட்டு’ ஆயிற்று. தமிழரின் ‘கங்காணி’ ஆங்கில நூல்களுட் புகுந்தான். ‘துண்டு’ என்னும் சொல்லும் அவ்வாறே துரைமாரின் கணக்கேடுகளில் ஏறிற்று. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுத்த கடிதமே அது. அம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. இவையெல்லாம் நாவில் உருண்டு திரிந்த சொற்கள், எவரும் விளங்கிக்கொண்டவை. சட்டப் புத்தகத்திலிருந்து வந்த சொற்கள் அத்தகையன அல்ல.

அவற்றுள் முதல் இணை ‘ரெசிடென்ஸ்’, ‘டொமிசைல்’ என்பன. இரண்டும் ‘இருப்பிடம்’ என்றே சாதாரண மனிதர் காதில் விழும். சட்டமோ இரண்டையும் வேறாக்குகிறது. ஒருவன் வாழும் இடம் ரெசிடென்ஸ். நிலையாகத் தன் நாடு என்று சட்டம் அவனுக்குக் கற்பிக்கும் இடம் டொமிசைல். பிள்ளை பசறையில் பிறந்தாலும், தந்தையின் டொமிசைல் இந்தியா எனின் பிள்ளைக்கும் அதுவே. அதனை மாற்றிக்கொள்ள வாழ்வது மட்டும் போதாது; என்றும் இங்கேயே இருப்போம் என்ற எண்ணத்தையும் நிலைநாட்டல் வேண்டும்.

1928 இல் டொனமூர் ஆணைக்குழு, ஐந்தாண்டு வாசத்தை வாக்குரிமைக்கு அடிப்படையாக விதந்துரைத்தது. எதிர்ப்பு எழவே, 1931 ஆம் ஆண்டுத் தேர்தல் விதிகளில் டொமிசைல் புகுந்தது. டொமிசைல் இல்லாதார் கல்வியும் சொத்தும் காட்ட வேண்டும்; அன்றி நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் பெறல் வேண்டும். அச்சான்றிதழைக் கேட்போர் தமக்கிருந்த விசேட பாதுகாப்புக்களைக் கைவிடுவதாக ஒப்ப வேண்டியிருந்தது. ஆகவே பலர் அஞ்சி விலகினர்.

ஆயினும் 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அடுத்த ஆண்டிலேயே இரண்டாம் சொல்லிணை வந்தது: ‘பிறப்பு’, ‘வழிமரபு’. இங்கே பிறந்தவர் இந்நாட்டவர் என்பது பாமரர் துணிபு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமோ வழிமரபையே கேட்டது. இலங்கையிற் பிறந்தவராயினும், தந்தை இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும். லயத்து அறையில் பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைத் தேடினால் எங்ஙனம் கிடைக்கும்?

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் பதிவுக்கு வழி திறந்தது. அதில் ‘இடையறாத வாசம்’ என்னும் தொடர் நின்றது. மணமானோர் ஏழு ஆண்டும், ஏனையோர் பத்தாண்டும் அவ்வாறு வாழ்ந்ததை நிரூபித்தல் வேண்டும். பெற்றோரைக் காணச் சொந்த ஊர் சென்றவர், ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்திற்கு மேல் தங்கின், வாசம் அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. ஏறக்குறைய 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே.

மூன்றாவது இணை, ‘அனுப்புதல்’, ‘திருப்பி அனுப்புதல்’ என்பன. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டன. சென்றோரின் பயணத்தை ஆங்கில ஆவணங்கள் ‘ரிபேட்ரியேஷன்’ என்றன. தாய்நாட்டுக்கு மீள்வதே அச்சொல்லின் பொருள். பதுளையிற் பிறந்து, பதுளையை அன்றி வேறூர் காணாதவர் தலைமன்னாரில் கப்பலேறி எங்கே மீண்டார்? முன்னர் நின்றிராத இடத்திற்கு மீளுதல் என்பது எம்மொழி இலக்கணத்திற்கும் ஒவ்வாது.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பாட்டனின் பத்திரத்தையோ மனத்தின் எண்ணத்தையோ அச்சட்டம் துருவவில்லை. வாழ்ந்தமையே உரிமைக்குச் சான்றாயிற்று. 1928 இல் சொல்லப்பட்ட அந்த எளிய கருத்து நாட்டின் சட்டமாகத் திரும்புவதற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

சொற்பொருளை நுணுகிக் கற்பது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. விண்ணப்பத்தில் ஒரு சொல்லின் கீழ்ப் பெருவிரல் ஒற்றிய மக்களின் வரலாறு, அதனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு நன்கு உணர்த்துகின்றது.