கைகழுவச் சொன்ன கணக்கு

முதுகுன்றம் எனத் தமிழ் அழைத்த ஊர், வடமொழியாளர் வாயில் விருத்தாசலம் ஆயிற்று. பெயரிலே முதுமை, தொழிலிலோ புதுமை! அங்கே பீங்கான் சூளையின்முன் நிற்கும் தொழிலாளி, சுட்ட கலம் வெடித்தால் "விதி" என்று கூறி வீடு திரும்புவதில்லை. கலவை தவறா, ஈரம் உலரவில்லையா, வெப்பம் விரைந்து ஏறிற்றா என்று ஆராய்கிறான். அடுத்த சூளையிலே மாற்றிப் பார்க்கிறான். மண்ணுக்குத் தரும் இந்த மதிப்பை மனித உயிருக்குத் தர மருத்துவ உலகம் எத்தனை காலம் தயங்கிற்று? வரலாறு தரும் விடை, வெட்கமூட்டும் விடை!

1846. வியன்னா பெருமருத்துவமனையில் பேறுகாலப் பிரிவுகள் இரண்டு. ஒன்றில் மருத்துவ மாணவர் பயின்றனர்; மற்றதில் மருத்துவச்சியர் பயின்றனர். அவ்வாண்டு மாணவர் பிரிவில் நூற்றுக்கு 11 தாய்மார் மாண்டனர். மருத்துவச்சியர் பிரிவிலோ 3 பேருக்கும் குறைவு. ஏன் இந்த வேறுபாடு? காற்றிலே நச்சு என்றனர் சிலர். இறுதிச் சடங்குக்கு மணியோசையுடன் வரும் பாதிரியாரைக் கண்டு, அஞ்சியே சாகின்றனர் என்றனர் வேறு சிலர்.

செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் வாதாடவில்லை, சோதித்தார். பாதிரியாரை வேறு வழியே, மணியின்றி வரச் செய்தார். மணி ஓய்ந்தது, மரணம் ஓயவில்லை! பிணத்தை அறுத்த கையோடு மாணவர் தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று கண்டார். 1847 மே மாதம், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் ஏறத்தாழ 2 ஆயிற்று.

உலகம் அவரைப் போற்றிற்றா? இல்லை, தூற்றிற்று! "எம் கையா கொன்றது?" என்று சீறினர் பெரியோர். 1849இல் பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865இல் மனநோய் விடுதியிலே மாண்டார். சான்று தோற்கவில்லை, தோழர்களே, செருக்கு செவிசாய்க்கவில்லை!

அதே காலத்தில் மற்றொருவர் கணக்கைக் கையிலெடுத்தார். கிரிமியப் போரில் வீரர்களைக் காயத்தைவிட நோயே மிகுதியாகக் கொன்றது என்பதை, 1858இல் வரைபடமாக வரைந்து ஆட்சியாளர் கண்முன் வைத்தார் நைட்டிங்கேல் அம்மையார். விளக்கேந்திய மாது என்று அவரைப் பாடுகிறோம். எண்ணேந்திய மாது என்பதை மறந்துவிடுகிறோம்.

தமிழகத்திலும் படிகள் பல உண்டு. 1844இல் சென்னையில் பேறுகால மருத்துவமனை. 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி. 1926இல் செவிலியர், மருத்துவச்சியருக்கெனத் தனிச் சட்டம். 1946இல் வேலூரிலே செவிலியர் பட்டப்படிப்பு. பள்ளி வந்தது, பட்டம் வந்தது. "ஏன்?" என்று கேட்கும் உரிமை வந்ததா?

மூடப்பழக்கம் கோவில் வாயிலிலே மட்டும் குடியிருப்பதன்று. வெள்ளுடைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். பேற்றுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் மழித்தலும் எனிமாவும் நெடுங்காலம் சடங்காகவே நடந்தன. இவை பயனற்றவை அல்லது தீங்கானவை, கைவிடத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் 1996இல் வகைப்படுத்திற்று. அதன் பின்னரும் பல மருத்துவமனைகளில் அவை நீடித்தன. காரணம்? "எப்போதும் இப்படித்தான்!" இது மருத்துவமா, மனுநீதியா?

செவிலியரைக் குறைகூறிப் பயனில்லை. நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கைதூய்மை செய்யவேண்டும் என்பதை அவர் அறிவார். குழாயில் நீர் வேண்டாமா? நோயாளிக் கூட்டத்தின் நடுவே நேரம் வேண்டாமா? மருத்துவர் கை கழுவாதபோது, "ஐயா, கழுவுங்கள்" என்று கூறினால் பதவிக்குக் கேடு வாராது என்னும் உறுதி வேண்டாமா? அறிவை அவரிடம் தந்துவிட்டு அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டால், சான்று ஏட்டிலே உறங்கும். தாய் மண்ணிலே உறங்குவாள்.

இளைஞர்களே! பகுத்தறிவு மேடைக்கு மட்டும் உரிய ஆயுதமன்று. உங்கள் ஊர் மருத்துவமனையில் நீர் வருகிறதா, செவிலியர் போதிய அளவில் உள்ளனரா, தொற்றால் மடிந்தோர் கணக்கு எழுதப்படுகிறதா என்று கேளுங்கள். வெடித்த கலத்துக்குக் காரணம் தேடுகிறது முதுகுன்றம். மடிந்த தாய்க்குக் காரணம் தேடாத நாடு எப்படி நாகரிக நாடாகும்?