ஒளியைச் சுமந்த ஈதர்

ஈதர் மறைந்த நாளை உறுதியாகச் சொல்ல முடியாது. 1887இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் அதற்குப் பலத்த அடி விழுந்தது. 1905இல் ஐன்ஸ்டைன் அது தேவையே இல்லை என்று எழுதினார். ஆனாலும் இயற்பியலாளர் லோரன்ஸ் 1928இல் தாம் காலமாகும்வரை அதைக் கைவிடவில்லை. இன்னோர் இயற்பியலாளரான ஆலிவர் லாட்ஜும் அப்படியே. உற்றவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகே அதுவும் போயிற்று.

வெற்றிடம் என்று நாம் நினைக்கும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் நிறைந்திருக்கிறது, சூரிய ஒளி அதில் அலையாக எழுந்துதான் நம்மிடம் வருகிறது என்பதே ஈதர் கொள்கை. இன்று அதைப் பழங்காலப் பிழை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். அந்த ஒரு வரி அதற்குப் போதாது.

அதற்கு ஒரு மூத்த உறவு மதுரையில் உண்டு. மணிமேகலையைப் பாடிய சீத்தலைச் சாத்தனார் மதுரையில் கூலவாணிகம் செய்தவர். வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் கொள்கை கேட்டு வரும்போது வைசேடிகவாதி ஒருவன் பேசுகிறான். ஒன்பது பொருள்களை எண்ணும் அவன் நிலம், நீர், தீ, வளியோடு ஆகாயத்தையும் ஒரு பொருளாகவே வைக்கிறான். அதன் குணம் ஓசை. அதாவது மேலே விரிந்து கிடப்பது வெறுமையன்று, குணமுடைய ஒன்று. இதைக் காட்டி நம் முன்னோர் அன்றே ஈதரைக் கண்டுவிட்டார்கள் என்று மேடையில் முழங்குவதை நான் ஏற்க மாட்டேன். அந்த வைசேடிகன் எதையும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் தாங்க ஒரு பொருள் இல்லாமல் குணம் எப்படி நிற்கும் என்ற உறுத்தல் அவனுக்கும் இருந்தது, பின்னாளில் ஈதரை நாடியவர்களுக்கும் இருந்தது.

1660இல் இராபர்ட் பாயில் காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கடிகாரத்தைத் தொங்கவிட்டார். சத்தம் அடங்கிப்போனது. கடிகாரம் மட்டும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. ஓசையைச் சுமப்பது காற்று என்றால், காற்றில்லாத இடத்தில் ஒளியைச் சுமப்பது எது?

அந்த வேலைக்குத்தான் ஈதரை அழைத்தார்கள். முடியாத சுமைகளை அதன் தலையில் ஏற்றினார்கள். ஒளி, பாயும் திசைக்குக் குறுக்கே அதிரும் குறுக்கலை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெரிந்ததும், அதைத் தாங்க ஈதர் எஃகைவிட விறைப்பாக இருக்க வேண்டியதாயிற்று. அதே ஈதர் கோள்களைத் துளியும் தடுக்காமல் வழிவிடவும் வேண்டியிருந்தது. அப்படியும் அது உழைத்தது. மாக்ஸ்வெல் ஈதருக்குள் சிறு சுழல்களைக் கற்பனை செய்துகொண்டுதான் 1860களில் மின்காந்தச் சமன்பாடுகளை எட்டினார். வானொலி முதல் கைபேசி வரை அந்தச் சமன்பாடுகளின்மேல்தான் நிற்கின்றன.

பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. வெளியெங்கும் ஈதர் இருந்தால் எதிர்க்காற்று வீசியாக வேண்டும். வைகையில் வெள்ளம் போகும்போது இருவர் நீந்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சிம்மக்கல் கரையிலிருந்து செல்லூர்க் கரைக்குப் போய்த் திரும்புகிறார். மற்றவர் அதே தூரம் வெள்ளத்தை எதிர்த்துப் போய், வெள்ளத்தோடு திரும்புகிறார். இருவரும் சம பலசாலிகளானாலும் இரண்டாமவர் பிந்தித்தான் வருவார். 1887இல் கிளீவ்லாந்தில் மைக்கல்சன், மோர்லி என்ற இரு அறிவியலாளர்கள் பாதரசத்தில் மிதக்கவிட்ட கற்பலகையின்மேல் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரித்து இப்படித்தான் ஓடவிட்டார்கள். கதிர்கள் மீண்டும் கூடுமிடத்தில் தெரியும் பட்டைகள், ஒரு பட்டையின் 0.4 பங்கு நகர வேண்டும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் இருபதில் ஒரு பங்குகூட நகரவில்லை.

ஈதரைக் காப்பாற்ற லோரன்ஸ் பட்ட பாடு என்னை மிகவும் நெகிழவைக்கிறது. ஈதருக்குள் ஓடும் பொருள் ஓடும் திசையில் சுருங்கிவிடுகிறது, நேரக் கணக்கும் மாறுகிறது, அதனால்தான் எதிர்க்காற்று தெரியவில்லை என்று 1904இல் சமன்பாடுகளாகவே எழுதிக் காட்டினார். அடுத்த ஆண்டே ஐன்ஸ்டைன் அதே சமன்பாடுகளை ஈதரின் துணையில்லாமல் வருவித்துவிட்டார். மருந்து சரியாகத்தான் இருந்தது. நோயாளி தேவைப்படவில்லை.

1920இல் லோரன்ஸின் ஊரான லைடனில் ஐன்ஸ்டைன் சற்று இறங்கிவந்து பேசினார். தம் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியலில் வெளிக்கே இயல்புகள் உண்டு, அந்த அளவில் ஈதர் இருக்கிறது எனலாம், ஆனால் அது அசைகிறது என்று மட்டும் சொல்லக் கூடாது என்றார். அந்தப் பொதுச் சார்பியலைச் சோதித்த இடங்களில் ஒன்று, அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த கொடைக்கானல். அங்கே வானாய்வகத்தில் ஜான் எவர்ஷெட் சூரிய நிறமாலைக் கோடுகளை ஆண்டுக்கணக்காக அளந்தார். சூரியனின் ஈர்ப்பால் அவை சிவப்புப் பக்கம் பத்து லட்சத்தில் சுமார் 2 பங்கு நகர வேண்டும். சூரிய வாயுக்களின் ஓட்டமும் அதில் கலந்திருந்ததால் தீர்ப்பு எளிதில் கிடைக்கவில்லை.

2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகள், எங்கும் நிறைந்த ஒரு புலம் உண்டு என்று காட்டியது. அதை ஈதரின் வாரிசு என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புலத்தில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் எதிர்க்காற்று வீசாது.

வாரிசைத் தேடினால் இன்னும் பக்கத்தில், மதுரையை அடுத்த வடபழஞ்சியில் கிடைக்கும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமையவிருந்து, கடும் எதிர்ப்பால் எழாமல்போன நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முன்மாதிரியாக, 85 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி அங்கே ஒரு கருவி அமைத்தார்கள். வானிலிருந்து பொழியும் மியுவான் துகள்களை அது பதிவு செய்தது. மியுவானின் சராசரி ஆயுள் நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் பாய்ந்தாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்கலாம். ஆனால் அவை பிறப்பது ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில். விரைந்து ஓடும் மியுவானின் கடிகாரம் நம் கணக்கில் மெதுவாக நகர்வதால்தான் அவை வடபழஞ்சி வரை வந்து சேர்கின்றன. எவ்வளவு மெதுவாக என்று கேட்டால், ஈதரைப் பிழைக்கவைக்க லோரன்ஸ் எழுதிய அந்தச் சமன்பாட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.