அலை கடந்த அயர்லாந்து – 9: எரிந்த கருவூலமும் ஐந்து ஷில்லிங் பென்ஷனும்

மேஜர் டெனிஸ் மேஹனைப் போன வாரம் ஸ்ட்ரோக்ஸ்டவுன் மாளிகை வாசலில் விட்டுவிட்டு வந்தோம். உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நடுவே, 1847ல் தன் குத்தகைக்காரர்கள் 1,490 பேரைக் கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, அதே வருடம் நவம்பர் 2ஆம் தேதி மாலை வண்டியில் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்தக் கொலையை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த 1,490 பேரில் ஒருவரின் கொள்ளுப்பேத்தி இன்றைக்கு டொரோண்டோவிலிருந்து கிளம்பி வந்து, தன் மூதாதையின் பெயரை அயர்லாந்தில் தேடினால் என்ன கிடைக்கும்? இதைச் சொல்லாமல், அந்த 1,490 பேரின் பெயர்கள் இருக்கும் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பட்டியலின் அருமை புரியாது. அதற்கு டப்ளின் போக வேண்டும். டப்ளினில் ரோரி ஓ'கானர் நிற்கிறார். அவரைச் சட்டென்று தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

லிஃபி நதிக்கரையில் 'நான்கு நீதிமன்றங்கள்' என்ற பெரிய கட்டடத் தொகுதி இருக்கிறது. அதன் வளாகத்தில், 1867ஆம் வருடச் சட்டப்படி, அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் அமைந்தது. ஆறு அடுக்குகள் கொண்ட கருவூலம். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சுருள்களிலிருந்து உயில்கள், நீதிமன்றப் பதிவுகள், 1821, 1831, 1841, 1851 குடிக்கணக்குப் படிவங்கள் வரை எல்லாம் அங்கேதான். ஹெர்பர்ட் உட் என்ற காப்பக அதிகாரி இவற்றுக்கெல்லாம் ஒரு வழிகாட்டி நூல் தயாரித்து 1919ல் வெளியிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல எழுதிய நூல், மூன்றே வருடத்தில் என்னவெல்லாம் போயிற்று என்று சொல்லும் நூலாகிவிட்டது.

பிரிட்டனோடு அயர்லாந்து செய்துகொண்ட லண்டன் உடன்படிக்கை, அதை எதிர்த்த டி வலேராவின் கோபம், அதில் கையெழுத்திட்டுப் புதிய அரசை நடத்திய காலின்ஸின் தவிப்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். நேராக 1922 ஏப்ரல் 14க்கு வருவோம். புனித வெள்ளி. உடன்படிக்கையை ஏற்காத குடியரசுப் படையினர் நான்கு நீதிமன்றங்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களின் முகமாக ஊருக்குத் தெரிந்தவர் ரோரி. படித்த பொறியாளர். கனடாவில் ரயில்பாதை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். போனவர்களைப் பற்றியே பேசும் இந்தத் தொடரில் திரும்பி வந்தவர் ஒருவர் கிடைப்பது அபூர்வம். இவர் வந்தாரே, சும்மாவா வந்தார்! "இது ராணுவ சர்வாதிகாரமா?" என்று நிருபர்கள் கேட்டபோது, அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி பதில் சொன்ன மனிதர். துணிச்சலில் குறை சொல்ல முடியாது. அரசியல் புத்தி மட்டும் மருந்துக்கும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

ஜன்னல்களுக்குத் தடுப்பு வேண்டும். கையில் கிடைத்த கனத்த பேரேடுகளையும் சட்டப் புத்தகங்களையும் அடுக்கினார்கள். வெடிபொருளுக்கு இடம் வேண்டும். காப்பகக் கட்டடத்தையே வெடிமருந்துக் கிடங்காக்கினார்கள். எழுநூறு வருடக் காகிதத்துக்குப் பக்கத்தில் வெடிமருந்து! ஜூன் 28 அதிகாலை, பிரிட்டிஷாரிடம் இரவல் வாங்கிய பதினெட்டு பவுண்டர் பீரங்கிகளால் காலின்ஸின் படை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து சுட ஆரம்பித்தது. ஒரே சிறையில் கிடந்த தோழர்கள் இரண்டு கரையிலும் நின்று சுட்டுக்கொண்டார்கள். ஜூன் 30 பிற்பகல், காது செவிடாகும் வெடிப்பு. புகைத்தூண் நகரத்துக்கு மேலே எழுந்தது. கருகிய தாள்கள் காற்றில் பறந்து, பல மைல் தள்ளி ஹௌத் கடற்கரைப் பக்கம் வரை போய் விழுந்தன. யாரோ ஒரு விதவையின் உயில், யாரோ ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவு, தெருவில் போகிறவர் காலடியில்.

கண்ணிவெடி வைத்தார்கள் என்று அரசாங்கத் தரப்பு சொன்னது. பீரங்கித் தீதான் கிடங்கைப் பற்றவைத்தது என்று எதிர்த்தரப்பு சொன்னது. ஆவணக் கட்டடத்தில் வெடிமருந்தை வைத்தவனும் குற்றவாளி. அது அங்கே இருப்பது தெரிந்தும் சுட்டவனும் குற்றவாளி. எனக்கு இதில் நடுநிலை கிடையாது, இரண்டு பேர் மேலும் கோபம்தான்.

ரோரியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். வெடிப்பு நடந்த அன்றே சரணடைந்தார். டிசம்பர் 7ல் நாடாளுமன்ற உறுப்பினர் ஷான் ஹேல்ஸ் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, மறுநாள் காலையில் மவுன்ட்ஜாய் சிறையில் ரோரியையும் இன்னும் மூன்று பேரையும் விசாரணையே இல்லாமல் சுட்டார்கள். அந்த முடிவுக்குச் சம்மதம் தந்த அமைச்சர்களில் ஒருவர் கெவின் ஓ'ஹிக்கின்ஸ். அதற்கு முந்தைய வருடம் அக்டோபரில் நடந்த அவருடைய கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் இதே ரோரி. எந்த நாவலாசிரியனும் இப்படி எழுதினால் மிகை என்று பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

மேஜருக்கு இந்த வாரம் இடமில்லை என்பது இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். டொரோண்டோக்காரிக்கு வருவோம்.

தீ யாருடைய காகிதத்தை அதிகம் தின்றது? ஆண்டவர்களுடையதை. இங்கிலாந்து திருச்சபையோடு சேர்ந்த அயர்லாந்து திருச்சபை, ஒரு காலத்தில் அரசின் திருச்சபை. அதன் ஞானஸ்நான, திருமண ஏடுகள் அரசு ஆவணம் என்று சட்டம் சொன்னதால் பாதிக்கு மேற்பட்ட பங்குகளிலிருந்து டப்ளினுக்கு வந்து சேர்ந்து, எரிந்தன. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளை அரசு மதிக்கவில்லை, கேட்கவுமில்லை. அதனாலேயே அவை அந்தந்தப் பாதிரியாரின் அலமாரியில் தூசியோடு பிழைத்துக் கிடந்தன. தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளில் எடுத்து, 2015ல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. மேற்குப் பகுதி ஏழைப் பங்குகளில் பல ஏடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்குகின்றன என்றாலும், இருப்பது இருக்கிறது.

அடுத்து வரி. ரிச்சர்ட் கிரிஃபித் என்ற நிலவியலாளர் தலைமையில் 1847லிருந்து 1864 வரை நாடு முழுக்க நிலத்துக்கும் வீட்டுக்கும் மதிப்புப் போட்டார்கள். டவுன்லேண்ட் என்கிற குட்டி எல்லைக்குள் யார் குடியிருக்கிறார், யாரிடம் குத்தகை, வீடா, தொழுவமா, எத்தனை ஏக்கர், வருட மதிப்பு எத்தனை ஷில்லிங் என்று வரிசை வரிசையாக அச்சிட்ட பட்டியல். மனைவி பெயர் இருக்காது, பிள்ளைகள் பெயர் இருக்காது. வரி கட்ட வேண்டியவன் பெயர் மட்டும் இருக்கும். பஞ்சத்தில் கப்பலேறியவன் பல இடங்களில் இந்தப் பட்டியலுக்கு முன்பே போய்விட்டான்; அவன் அண்ணனோ சித்தப்பாவோ அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

எனக்கு மிகவும் பிடித்தது பென்ஷன் படிவம். 1909 ஜனவரி 1லிருந்து எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. எழுபது என்பதற்கு அத்தாட்சி எங்கே? அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதிவதே 1864ல்தான் ஆரம்பம். கிழவர்கள் என்ன செய்தார்கள்? 1839 ஜனவரி 6 இரவு அடித்த 'பெருங்காற்று' நினைவிருக்கிறது என்றார்கள். அன்றைக்குக் கையில் உருளைக்கிழங்கு வைத்துத் தின்கிற வயசு எனக்கு என்று சொன்னால் எழுபது கணக்கு சரியாக வந்துவிடும். ஊர் ஊராக அந்தக் காற்றை நினைவில் வைத்திருந்தவர்கள் பெருகினார்கள். அதிகாரிகளுக்குச் சந்தேகம். எனவே 1841, 1851 குடிக்கணக்கைப் பார்த்துச் சொல்லும்படி நான்கு நீதிமன்றங்களுக்கு விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.

பச்சை நிறத் தாள். விண்ணப்பிப்பவர் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லேண்ட், பங்கு, கவுன்டி. குமாஸ்தா அடுக்கிலிருந்து மூலப் படிவத்தை எடுத்துப் பார்த்து, அந்த வருடம் இந்தக் குழந்தைக்கு வயது இவ்வளவு என்று கீழே எழுதுவார். சிலவற்றில் உடன்பிறந்தவர்களையும் குறித்திருப்பார். சிலவற்றில் 'கிடைக்கவில்லை' என்று ஒரே வரி. மூலம் 1922ல் சாம்பலாயிற்று. ஐந்து ஷில்லிங்குக்காகப் பார்த்து எழுதிய தாள்கள் ஆயிரக்கணக்கில் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. ஊரிலேயே இருந்துவிட்ட தம்பிக்குப் பென்ஷன் வாங்கப் போட்ட மனு, அமெரிக்கா போன அக்காவின் பெற்றோரைக் காட்டிக்கொடுக்கிறது.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் பட்டியலும் இப்படித் தப்பியதுதான். தனியார் எஸ்டேட்டின் காகிதம், டப்ளின் பக்கமே போகவில்லை. 1979ல் மாளிகையை விலைக்கு வாங்கியவர் எஸ்டேட் ஆவணங்களுக்கிடையே பஞ்சகாலக் கடிதங்களைப் பார்த்து, எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்தார். அங்கேயே இப்போது பஞ்ச அருங்காட்சியகம் நடக்கிறது.

இனி ரோரியைத் திட்டப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயர்லாந்தில் முழுதாகக் கிடைக்கிற முதல் குடிக்கணக்கு 1901ஆம் வருடத்தினுடையது. அதற்கு முந்தையதெல்லாம் தீயில் போயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். தவறு. 1861, 1871 படிவங்களைப் புள்ளிவிவரம் எடுத்து முடித்ததும் அரசாங்கமே அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. தீயின் கணக்கில் சேர்வது 1821 முதல் 1851 வரையிலான நான்கு. மற்ற நான்கையும் ஒரு துப்பாக்கிச் சத்தம்கூட இல்லாமல் ஒழித்தவர்கள் அலுவலக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களில் ஒருவரும் மவுன்ட்ஜாய் மதிலோரம் நிறுத்தப்படவில்லை.

(தொடரும்)