கடலைக் காத்த இறக்கைகள்: பிரிட்டிஷ் சேவையில் அமெரிக்க விமானங்கள், 1938–1945

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படை என்றதும் ஸ்பிட்ஃபயரும் லங்காஸ்டரும்தான் நினைவுக்கு வருகின்றன. இரண்டும் பிரிட்டனிலேயே உருவானவை. அதே வான்படையும் அந்நாட்டுக் கடற்படையும் ஆயிரக்கணக்கில் பறக்கவிட்ட அமெரிக்க விமானங்களைப் பொதுவாக ஐரோப்பிய வான்சண்டைகளை வைத்தே எடைபோடுகிறோம். அந்த அளவுகோல் அவற்றுக்குப் பொருந்தாது. பிரிட்டன் தன் தொழிற்சாலைகளைச் சண்டை விமானங்களுக்கும் கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கும் ஒதுக்கியபோது, கடல்மேல் நெடுந்தொலைவு செல்லும் காவற்பணி ஆளின்றிக் கிடந்தது. அமெரிக்க விமானங்கள் தம் மதிப்பை நிறுவியது அங்கேதான்.

இந்தக் கொள்முதல் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1938 ஏப்ரலில் பிரிட்டிஷ் குழு ஒன்று அமெரிக்கா சென்றது. பின்னாளில் குண்டுவீச்சுப் படைக்குத் தலைமை ஏற்ற ஆர்தர் ஹாரிஸ் அதில் ஓர் உறுப்பினர். லாக்ஹீட் நிறுவனம் தன் பயணிகள் விமானத்தை ராணுவ வேலைக்கு மாற்றினால் எப்படியிருக்கும் என்று காட்ட, சில நாட்களிலேயே மரத்தில் ஒரு முழு அளவு மாதிரியைச் செய்து நிறுத்தியது. ஜூன் மாதம் 200 ஹட்சன் விமானங்களுக்கும் 200 ஹார்வர்ட் பயிற்சி விமானங்களுக்கும் ஆணை பிறந்தது. அதுவரை கடலோரக் காவலில் இருந்த ஆன்சன், நார்வே கரையைத் தொட்டுத் திரும்ப முடியாத விமானம். ஹட்சனால் அது முடிந்தது. 1939 அக்டோபர் 8-இல் ஹட்சன்கள் வடகடல்மேல் ஜெர்மானியக் கடல் விமானம் ஒன்றை வீழ்த்தின.

போர் மூண்டதும் அமெரிக்க நடுநிலைமைச் சட்டம் ஆயுத ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 1939 நவம்பரில் சட்டம் தளர்ந்தது. ரொக்கம் கொடுத்துச் சொந்தப் பொறுப்பில் எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. அப்போதும் அமெரிக்க விமானிகள் போரிடும் நாட்டுக்குள் அவற்றை ஓட்டிச் செல்லக் கூடாது. எனவே வடக்கு டகோட்டாவின் பெம்பினாவில் எல்லையோரமாக விமானங்களை இறக்கி, அங்கிருந்து கனடாவுக்குள் தரைவழியே இழுத்துச் சென்றனர். 1940 நவம்பரில்தான் ஏழு ஹட்சன்கள் நியூஃபவுண்ட்லாந்தின் காண்டரிலிருந்து புறப்பட்டு, பனிக்கால அட்லாண்டிக்கைத் தாண்டி வட அயர்லாந்தில் இறங்கின. அந்தக் காலத்தில் அப்பருவத்தில் அக்கடலை விமானத்தில் கடப்பது நடவாத காரியம் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

பிரிட்டிஷ் கொள்முதல் ஆணையத்தின் தலைவர் ஆர்தர் பர்விஸ் இந்த வரலாற்றில் உரிய இடம் பெறாதவர். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தபோது, அந்நாடு அமெரிக்காவில் கொடுத்திருந்த ஆணைகள் அனைத்தையும் பிரிட்டன் ஏற்கும் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். மறுநாள்வரை காத்திருந்தால் அந்த விமானங்கள் கைநழுவியிருக்கக் கூடும். ஓராண்டு கழித்து, 1941 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தில் தரையை விட்டு எழும்போதே நொறுங்கிய லிபரேட்டர் ஒன்றில் அவர் இறந்தார். அதுவும் அமெரிக்கா தந்த விமானமே.

பிரான்சுக்காகக் கட்டிய விமானங்களில் அளவுகள் மெட்ரிக்கில் இருந்தன. வேகம் கூட்ட த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பிரிட்டிஷ் விமானிக்கோ முன்னால் தள்ளியே பழக்கம். அவற்றைத் திருத்திப் பயன்படுத்தினர். அவற்றுள் மேரிலாந்து செய்த பணி பெரிது. 1940 நவம்பரில் டாரண்டோ துறைமுகத்தில் இத்தாலியப் போர்க்கப்பல்கள் நிற்பதை மால்டாவிலிருந்து சென்று படம் எடுத்துக் கொடுத்தவை மேரிலாந்துகள். 1941 மே 22-இல் பிஸ்மார்க் நார்வேயின் ஃபியோர்டை விட்டுக் கிளம்பிவிட்டது என்று கண்டு சொன்னதும் ஒரு மேரிலாந்துதான். நான்கு நாட்களுக்குப்பின், கடலில் தொலைந்துபோன பிஸ்மார்க்கை மீண்டும் கண்டது ஒரு கேட்டலினா. அதன் துணை விமானி லெனர்ட் ஸ்மித் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. அவர் நாடு அன்று போரில் இல்லை.

கண்மூடிப் பாராட்ட இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941-இல் வந்த 20 ஃபோர்ட்ரஸ்கள் மிக உயரத்தில் பறந்து குண்டு வீசியும் பயனளிக்கவில்லை. ஏராகோப்ராவை ஒரே ஓர் அணி சில முறை மட்டும் களமிறக்கிக் கைவிட்டது. லைட்னிங்கையும் பிரிட்டன் ஏற்கவில்லை. மஸ்டாங்கின் கதை வேறு. 1940-இல் பிரிட்டிஷ் கொள்முதல் குழு கேட்டதால் பிறந்த விமானம் அது. உயரம் கூடக் கூட அதன் அமெரிக்க எஞ்சின் களைத்துப்போயிற்று. 1942-இல் ரோல்ஸ்-ராய்ஸ் தன் மெர்லின் எஞ்சினை அதில் பொருத்திப் பார்த்தது. அக்டோபர் 13-இல் அப்படி மாற்றிய விமானம் பறந்தது. பெர்லின்வரை துணை செல்லும் சண்டை விமானம் அமெரிக்காவுக்கே அப்படித்தான் வாய்த்தது.

1941 மார்ச் 11-இல், ரொக்கமின்றியே ஆயுதம் பெற வழிசெய்த அமெரிக்கக் கடன்-குத்தகைச் சட்டம் கையெழுத்தானது. பிரிட்டனின் டாலரும் தங்கமும் ஏறக்குறைய வற்றியிருந்த நேரம் அது. இனி விமானம் கிடைக்குமா என்ற கவலை குறைந்தது. கிடைத்ததை எந்தப் படைக்குக் கொடுப்பது என்ற சண்டை மூண்டது. லிபரேட்டரின் வரலாறு முழுக்க இந்தச் சண்டைதான். அட்லாண்டிக்கின் நடுவே, எந்தக் கரையிலிருந்தும் மற்ற விமானங்கள் எட்டாத ஒரு பகுதி இருந்தது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கப்பல் அணிகளை வேட்டையாடியது அங்கே. ஏறத்தாழ 2,400 மைல் பறக்கக்கூடிய லிபரேட்டரால் மட்டுமே அங்கு காவல் நிற்க முடிந்தது. 1941 செப்டம்பரில் 120-ஆம் அணி அதைக் களத்தில் இறக்கியது. ஆனாலும் 1943 தொடக்கம்வரை அவ்வேலைக்கு ஒதுக்கப்பட்டவை மிகச் சிலவே. ஜெர்மன் நகரங்கள்மேல் குண்டு வீசுவோர் நெடுந்தொலைவு விமானங்களை விட்டுக்கொடுக்க மறுத்தனர். அமெரிக்கக் கடற்படையோ பசிபிக்குக்குக் கேட்டது. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் வணிகக் கப்பல் மாலுமிகள். போர்க்கால முடிவுகளில் மன்னிக்கக் கடினமானது இது என்பது என் கருத்து. 1943 வசந்தத்தில் கூடுதல் லிபரேட்டர்களும், கப்பல் அணிகளோடு செல்லும் சிறு விமானந்தாங்கிகளும் வந்தபின் அந்த இடைவெளி மூடியது. மே மாதத்தில் மட்டும் 41 நீர்மூழ்கிகளை இழந்த ஜெர்மனி, வட அட்லாண்டிக்கிலிருந்து அவற்றை விலக்கிக்கொண்டது.

இந்தியப் பெருங்கடலிலும் நெடுந்தொலைவுக் காவலுக்கு அமெரிக்க விமானங்களே கைகொடுத்தன. 1942 ஏப்ரல் 4 மாலை, இலங்கையின் தென்கரையில் கொக்கலை ஏரியிலிருந்து சென்ற கேட்டலினா ஒன்று, கொழும்பை நோக்கி வந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டது. கனடிய வான்படையின் லெனர்ட் பர்ச்சல் அதன் தலைவர். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுடப்பட்டது. உயிர் பிழைத்தோர் கைதாயினர். மறுநாள் காலைத் தாக்குதலுக்கு முன்பே துறைமுகத்தின் பெரும்பாலான கப்பல்கள் வெளியேற அந்த எச்சரிக்கை வழிசெய்தது. எல்லாவற்றையும் அது காக்கவில்லை: ஏப்ரல் 9-இல் திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் விமானந்தாங்கி மூழ்கியது. பின்னர்ச் சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியும் கேட்டலினாக்களின் தளமாயிற்று. 1944-இல் 160-ஆம் அணியின் லிபரேட்டர்கள் சில மாதங்கள் காங்கேசன்துறைத் தளத்தில், அதாவது இன்றைய பலாலியில், நின்றன. நம் ஊர்களின் போர்க்கால நினைவுகளைத் திரட்டுவோர் இத்தளங்களை விட்டுவிடக் கூடாது.

நிலத்தில் இதற்கு இணையான பங்கு டக்கோட்டாவுடையது. போக்குவரத்து விமானம் கட்டுவதை பிரிட்டன் ஏறக்குறைய நிறுத்தியிருந்ததால், 1944-இல் முற்றுகையிலிருந்த இம்பாலுக்கு உணவும் வெடிமருந்தும் சுமந்தவை பெரும்பாலும் அமெரிக்க விமானங்களே.

கடற்படையில் சார்பு இன்னும் ஆழமாக வேரூன்றியது. பிரிட்டிஷ் கப்பல்களின் தாழ்வான கூடத்துக்குள் மடித்து நிறுத்த, கோர்செர் விமானத்தின் இறக்கை நுனிகளை வெட்டினர். 1944 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து சென்ற கப்பல்களின் கோர்செர்கள் சுமத்ராவின் சபாங்கைத் தாக்கின. 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்தே புறப்பட்ட படையின் அவெஞ்சர்கள் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகள்மேல் குண்டு வீசின.

1945 ஆகஸ்டில் ட்ரூமன் அரசு கடன்-குத்தகையை நிறுத்தியது. எஞ்சிய விமானங்களைத் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும். திருப்பி வாங்க அமெரிக்கா விரும்பவில்லை. விலை கொடுக்க பிரிட்டனிடம் டாலர் இல்லை. ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால், நல்ல நிலையில் இருந்த விமானங்கள் பலவற்றைக் கப்பல் தளத்திலிருந்து கடலுக்குள் தள்ளினர். மீந்த சரக்குகளுக்காக 65 கோடி டாலர் என்று அவ்வாண்டு டிசம்பரில் கணக்குத் தீர்க்கப்பட்டு, 375 கோடி டாலர் புதுக் கடனோடு சேர்ந்து தவணையாகக் கட்டப்பட்டது. அதன் கடைசித் தவணையை பிரிட்டன் 2006 டிசம்பரில் செலுத்தியது.